இன்ஸ்பெக்டருக்குத் தினம் ஒரு ஊசி

டாக்டர் செந்தமிழின் கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். மரக்காணம் கடைத்தெருவைப் பார்த்த முன்வாசலில் 'மனிதர்களுக்கு: காலை எட்டு முதல் ஒன்று வரை' என்று ஒரு பலகை தொங்கியது. பின்பக்கம் சந்தில், தகரக் கொட்டகை போட்ட வாசலில் 'ஆடு, மாடு, நாய், கோழி: மாலை நாலு முதல் ஏழு வரை' என்று இன்னொரு பலகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டி ஒரு கத்தரிக்கோல்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. ஊசி, மருந்து, கையுறை, தரை துடைக்கிற துணி, ஏன், டாக்டர் போடுகிற செருப்புகூட இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு.

இவ்வளவு செய்தும் ஊருக்கு நம்பிக்கை வரவில்லை. மாலையில் கொட்டகை கொள்ளாமல் கூட்டம் வரும். ஆடு தும்மினால் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோழி கழுத்தைச் சாய்த்தால் பஸ் ஏறி வருவார்கள். ஆனால் காலையில் முன்வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் நர்ஸ் ஆரோக்கியசெல்வியும்தான் இருப்பார்கள். அனுமந்தையிலிருந்து தினமும் மொபெட்டில் வந்துபோகிற ஆரோக்கியசெல்வி, வேலையில்லாமல் காலை முழுவதும் நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்தே அவற்றின் நிறத்தை மாற்றிவிட்டாள்.

செந்தமிழ் பெருமுக்கல்லில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளி முடித்தபோது எம்.பி.பி.எஸ். இடம் நூலிழையில் தவறிப்போய்க் கால்நடை மருத்துவம் கிடைத்தது. வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தவள், முதன்முதலாக ஓர் எருமைக்குப் பிரசவம் பார்த்த அன்று அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டாள். வேலைக்குப் போன பிறகு வேறொரு தொல்லை. மாட்டுக்கு மருந்து கொடுத்து முடித்ததும் மாட்டுக்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கி, "அப்படியே இந்த முட்டியையும் ஒரு பார்வை பாத்துடுங்கம்மா" என்பார். "நான் மனுஷங்களுக்குப் பாக்கக் கூடாதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பாள். யாரும் போக மாட்டார்கள். கிளியனூர்ப் பக்கம் ஓர் அம்மாள் கையில் ஆறாத புண்ணோடு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினாள். கடைசியில் ஒரு நாள் மாட்டோடு மகன் வந்தான். அம்மாவுக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்றான். அந்த வாரமே செந்தமிழ் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். தன்னைவிடப் பத்து வயது சிறிய பிள்ளைகளோடு பெஞ்சில் இடம்பிடித்து எம்.பி.பி.எஸ்.ஸும் முடித்தாள். "உன் பேருக்குப் பின்னாடி போடற எழுத்துக்கே கல்யாணப் பத்திரிகைல தனியா ஒரு பக்கம் வுடணும்டி" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

முன்வாசலுக்கு எதிரே தட்சணாமூர்த்தியின் டீக்கடை. அந்தக் கடையில்தான் ஒரு நாள் உப்பளக்காரர் சகாதேவன் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"காலைல அந்தம்மாகிட்ட போனேன்னு வையி, நாக்க நீட்டுன்னு சொல்லமாட்டாங்க. வாயப் பொளந்து பல்லப் புடிச்சு வயசு பாப்பாங்க!"

கடையே சிரித்தது. அடுத்த நாள் அது உப்பளம் முழுக்கப் பரவியது. அதற்கடுத்த நாள் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். செந்தமிழின் காதிலும் விழுந்தது. அவளும் சிரித்தாள். ஆரோக்கியசெல்விக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"நீங்க சிரிங்க மேடம். நான்தான சேர் துடைக்கறேன்" என்றாள்.

சகாதேவன் ஐம்பதைத் தாண்டியவர். குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்திகள் நிறைய வைத்திருந்தார். உப்பளக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். மீசையும் குரலும் பெரிது. அவருக்கு ஒரே ஒரு செல்லம், ஆடுகள். உப்பளத்து ஓரம் வேலிக்காத்தான் காய்களைத் தின்று கொழுத்த பதினைந்து இருபது வெள்ளாடுகள் அவரிடம் இருந்தன.

ஒரு மாலை அவர் ஒரு பெட்டை ஆட்டோடு கொட்டகைக்கு வந்தார். கூடவே மனைவி ஜெயா. ஆடு மாதம் நிறையும் முன்பே குட்டியை வீசிவிட்டது, குட்டி செத்துத்தான் விழுந்தது.

"எத்தினி மாசம்ணே?" என்று செந்தமிழ் ஆட்டின் வயிற்றைத் தடவியபடி கேட்டாள்.

"நாலு மாசம் இருக்கும்மா. போன மாசம் ஒண்ணு வீசிச்சு. இப்ப இது."

"வீசின குட்டிய யாரு எடுத்துப் போட்டது?"

"நான்தான்."

"கையுறை போட்டுக்கிட்டீங்களா?"

"ஆட்டுக்குட்டிய எடுக்கறதுக்கு எதுக்கும்மா கையுறை? என் ஆடுதான?"

செந்தமிழ் ஆட்டின் கழுத்தில் ரத்தம் எடுத்தாள். சகாதேவன் ஆட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போது ஆட்டின் முதுகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சகாதேவனின் நெற்றியிலிருந்து வேர்வை. கடல் காற்று கொட்டகைத் தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஜெயா முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்தார். இவர் மட்டும் குளித்து எழுந்தவர் போல நனைந்திருந்தார். ஆட்டை விட்டு நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"உங்களுக்கு உடம்பு எப்படிண்ணே இருக்குது?"

"எனக்கென்னா? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லா?" என்று ஜெயா குறுக்கே வந்தார். "ரெண்டு மாசமா சாயங்காலமானா காய்ச்சலு டாக்டரம்மா. ராவெல்லாம் வேர்த்துப் பாய் நனைஞ்சு போவுது. ஆளு பாதியா எளைச்சிட்டாரு. பாண்டிக்கும் கூட்டிப் போனேன். மாத்திரை குடுத்தாங்க, ஒரு வாரம் நல்லா இருந்தாரு. அப்புறம் பழைய குருடி கதவத் தொறடின்னு வந்துடுச்சு."

"பால் எப்படிக் குடிப்பாரு?"

"பாலா? ஆட்டு மடியிலேருந்து கறந்த சூட்டோட சொம்புல வாங்கிக் குடிப்பாரு. காய்ச்சினா சத்து போயிடுமாம்."

"ஏ, நீ ஆட்டக் காட்ட வந்தியா, என்னக் காட்ட வந்தியா?" என்று சகாதேவன் அதட்டினார்.

"நாளைக்குக் காலைல ஒரு எட்டு வாங்கண்ணே. முன்வாசல் வழியா. உங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றாள் செந்தமிழ்.

சகாதேவன் முகம் மாறியது. முன்வாசல். எதிரே டீக்கடை. உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அவர் சொன்ன பல்லுக் கதையை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். அவர் ஆட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று நடையைக் கட்டினார்.

சில நாட்களில் ஆட்டின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. செந்தமிழ் நினைத்தபடியே இருந்தது. அவளே போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க ஆட்டுக்கு வந்திருக்கறது கன்று வீச்சு நோய். அது ஆட்டுகிட்டேருந்து மனுஷங்களுக்கும் வரும். பச்சைப் பால் வழியா வரும், வீசின குட்டியக் கையால தொட்டாலும் வரும். உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும்னு எனக்குச் சந்தேகம்."

மறுமுனையில் சகாதேவனின் குரல் உயர்ந்தது.

"எம்மா, கன்று வீச்சா? நான் ஆம்பளம்மா!"

"ஆம்பளைக்குக் கன்னு வீசாதுண்ணே. காய்ச்சல், வேர்வை, இடுப்பு வலின்னு வரும். அப்படியே வுட்டா எலும்புல போய் உக்காந்துக்கும், இதயத்துக்குக்கூடப் போவும்."

இதயம் என்றதும் சகாதேவன் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். காலையில் வர மாட்டார். மாலையில், பின்வாசல் வழியாக, ஆட்டோடுதான் வருவார். யார் கேட்டாலும் ஆட்டுக்குத்தான் வைத்தியம்.

"ஆட்டு ரூம்ல வெச்சு மனுஷனுக்கு ஊசி போட மாட்டேன். அது மட்டும் நடக்காது" என்றாள் செந்தமிழ்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். ஆட்டைப் பின்பக்கக் கொட்டகையில் நிறுத்துவது. அவர் கை கால் கழுவி, நடுக்கதவு வழியாக முன்னறைக்கு வருவது. கொட்டகையில் இருப்பவர்கள் கேட்டால் ஆட்டு மருந்துக்குப் பணம் கட்டப் போவதாகச் சொல்வது. முன்வாசல் கதவு சாத்தியிருக்கும். வைத்தியம் முன்னறையில் நடக்கும். அதுவரை ஆரோக்கியசெல்வி ஆட்டைப் பிடித்துக்கொள்வாள்.

"நானா?" என்றாள் ஆரோக்கியசெல்வி. "மேடம், நான் நர்சிங் படிச்சவ. ஆடு மேய்க்க வரலை. எனக்கு ஆட்டு வாசனையே ஆவாது."

"கொஞ்ச நாளைக்குத்தான் செல்வி. நமக்குக் காலைல வர்ற பேஷண்டே இல்ல. கெடைச்சிருக்கற ஒருத்தரையும் வுட்டுடலாமா?"

ஆரோக்கியசெல்வி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

சகாதேவனின் ரத்தம் பாண்டிக்குப் போய் முடிவு வந்தது. சந்தேகமே இல்லை, அதே நோய்தான். ஆறு வாரம் மாத்திரை. அதில் முதல் சில வாரங்கள் தினம் இடுப்பில் ஓர் ஊசி. ஜெயாவையும் பரிசோதித்தாள். அவர் காய்ச்சிய பால்தான் குடிப்பவர், ஒன்றும் இல்லை. மந்தையில் இருந்த அத்தனை ஆடுகளுக்கும் ரத்தம் எடுத்தாள். மூன்று பெட்டைகளிடம் நோய் இருந்தது. ஆட்டுக்கு இதற்குச் சரியான வைத்தியம் கிடையாது, மற்ற ஆடுகளோடு விட்டுவைக்கவும் முடியாது. கால்நடைத் துறை ஆட்கள் வந்து அவற்றைக் கொண்டுபோனார்கள். அன்று ஜெயா சோறு பொங்கவில்லை. சகாதேவன் வரப்பில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாராவது இந்த ஆடுங்களைத் தொட்டாங்களா? பிரசவத்துக்குக் கூட நின்னாங்களா? பால் குடிச்சாங்களா?" என்று செந்தமிழ் கேட்டாள். ஒரு தடவை அல்ல, பல தடவை கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நானும் அவளும்தான்" என்றார் சகாதேவன்.

அது பொய். அவருடைய உப்பளத்தில் வேலை பார்க்கும் கன்னியப்பன், குட்டி வீசிய அன்று இரண்டு கையாலும் உதவி செய்தவன். ஆனால் கன்னியப்பனிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. அவனிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தட்சணாமூர்த்தியின் டீக்கடைக்கு வந்துவிடும். 'அவன் நல்லாத்தான இருக்கான்' என்று சகாதேவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தினம் கூட வருவதற்கு நோயில்லாத ஓர் ஆட்டைத் தேர்ந்தெடுத்தார். கறுப்புக் கிடா. பெயர் இன்ஸ்பெக்டர். யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் கொண்டுவந்த பைக்குள் மூக்கை விட்டுச் சோதனை போடாமல் உள்ளே விடாது என்பதால் ஜெயா வைத்த பெயர்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு சகாதேவனும் இன்ஸ்பெக்டரும் கடைத்தெருவில் ஊர்வலம் போனார்கள். டீக்கடையைக் கடக்கும்போது தட்சணாமூர்த்தி கேட்டார்:

"என்னாண்ணா, இன்ஸ்பெக்டருக்கு என்னா ஒடம்புக்கு?"

"வயித்துக் கோளாறு."

மறுநாளும் கேட்டார். முந்தின நாள் என்ன சொன்னோம் என்பது சகாதேவனுக்கு மறந்துவிட்டது.

"மூட்டு வலிப்பா."

"நேத்து வயிறுன்னீங்க?"

"வயித்துலேருந்து எறங்கி மூட்டுக்கு வந்துடுச்சு."

அதற்கடுத்த நாள் ஆஸ்துமா. அதற்குப் பிறகு கண் பார்வை. வாரக் கடைசிக்குள் இன்ஸ்பெக்டருக்கு இல்லாத வியாதியே இல்லை என்றாகிவிட்டது. ஊர் உருகியது. வரும் வழியில் ஆளாளுக்கு அதற்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் ஊட்டினார்கள். பூக்கட்டும் பாப்பாத்தி அதற்கு மாரியம்மன் கோயில் திருநீறு பூசிவிட்டாள். தினம் தின்ற பிஸ்கட்டில் கிடா உருண்டு திரண்டு, கயிற்றை இழுத்தால் சகாதேவனே கூடப் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பிரியாணிக் கடை சதீஷ் ஒரு நாள் அவரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அது பொழைக்காது போலருக்குது. செத்துட்டா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. ஜீவன் இருக்கறப்பவே நம்ம கடைக்கு அனுப்பிட்டீங்கன்னா…"

"டேய்! அது எங்கூட்டுப் புள்ளைடா!" என்று சகாதேவன் கத்திய கத்தலில் சதீஷ் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றான்.

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு போலீஸ்காரர் டீக்கடையில் இந்தப் பேச்சைப் பாதியில் கேட்டுவிட்டு, மறுநாள் காலை முன்வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், இன்ஸ்பெக்டருக்கு இங்க தெனம் ஊசி போடறதாச் சொன்னாங்க. இப்ப எப்படி இருக்குது?"

ஆரோக்கியசெல்வி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லா இருக்குது. நேத்து என் டிபன் பாக்ஸ் மூடியைக் கடிச்சிடுச்சு."

போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே நடந்த வைத்தியம் நன்றாகவே நடந்தது. முதல் வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. அடுத்து வேர்வை நின்றது. பாய் காய்ந்த பாயாகவே இருந்தது. சகாதேவன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட ஆரம்பித்தார். டீக்கடையில் இதையும் கவனித்தார்கள்.

"ஆட்டுக்கு ஊசி போடப் போட அண்ணன் தேறிக்கினு வர்றாரு, பாத்தீங்களா?" என்றார் ஒருவர்.

"ஆடு மேல அம்மாம் பாசம். அதுக்குச் சரியானாத்தான் அவருக்கு மனசு ஆறும்" என்றார் தட்சணாமூர்த்தி.

ஊசிகள் முடியச் சில நாட்களே இருந்தபோதுதான் அது நடந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், தெருவில் நல்ல கூட்டம். சகாதேவன் வழக்கம்போல முன்னறைக் கட்டிலில் குப்புறப் படுத்து வேட்டியை இடுப்புக்குக் கீழே தளர்த்தியிருந்தார். செந்தமிழ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். பின்னால் கொட்டகையில் ஆரோக்கியசெல்வி கயிற்றைக் கையில் சுற்றியபடி, இன்ஸ்பெக்டருக்கு வாழைப்பழத் தோலை ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு பேருக்கும் எப்போதோ சமாதானம் ஆகிவிட்டிருந்தது. ஆனால் ஆரோக்கியசெல்வி அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அந்த நேரத்தில் ஒருவர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு சந்து வழியாக உள்ளே நுழைந்தார். நாய் ஒரே ஒரு தடவை குரைத்தது. இன்ஸ்பெக்டர் துள்ளிக் குதித்த வேகத்தில் கயிறு ஆரோக்கியசெல்வியின் கையை விட்டுப் போனது. நடுக்கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. கிடா அதைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு முன்னறைக்குள் பாய்ந்தது. கட்டிலை மறைத்துத் தொங்கிய பச்சைத் திரை அதன் கொம்பில் மாட்டி, கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கண் மறைந்த ஆடு நேரே போய் முன்வாசல் கதவில் மோதியது. பழைய தாழ்ப்பாள். ஒரே மோதலில் கழன்று, இரண்டு கதவும் பப்பரப்பே என்று விரியத் திறந்துகொண்டன.

பச்சைத் திரையைப் போர்த்திக்கொண்ட ஏதோ ஒன்று சந்தைக் கூட்டத்துக்குள் ஓடுவதைப் பார்த்து ஜனங்கள் அலறி விலகினார்கள். பிறகு எல்லோரும், அது எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

திறந்த வாசல். உள்ளே கட்டில். கட்டிலில் சங்கத் தலைவர் சகாதேவன். அவர் இடுப்பில் ஊசி. ஊசியைப் பிடித்தபடி டாக்டர் செந்தமிழ்.

செந்தமிழின் கை ஆடவில்லை. கன்றுக்குட்டி உதைக்க உதைக்க ஊசி போட்ட கை அது. மருந்தை முழுவதும் ஏற்றி முடித்து, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் வேட்டியை இழுத்து மூடிவிட்டாள்.

டீக்கடையில் சூடான பாலை ஆற்றிக்கொண்டிருந்த தட்சணாமூர்த்தி இரண்டு டம்ளரையும் அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா… ஊசி ஒங்களுக்கா?"

சகாதேவன் எழுந்து உட்கார்ந்தார். முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. ஓடி ஒளிய இடமில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஆமாம்பா. எனக்குத்தான். ஆட்டுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் நோவு."

"அப்ப மூட்டு வலி?"

"அதுவும் எனக்குத்தான்."

"ஆஸ்துமா?"

"அது சும்மா சொன்னது."

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். அடுத்தவரும் சிரித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "டாக்டரம்மா, பல்லப் புடிச்சு வயசு பாத்தீங்களா?" என்றது. தெருவே சிரித்தது. சகாதேவனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். வாயைத் திறந்து எல்லாப் பல்லையும் காட்டினார்.

"பாத்தாங்க பாத்தாங்க. இன்னும் நாப்பது வருஷம் கறக்கலாம்னு சொல்லிட்டாங்க!"

சிரிப்பு ஓய்ந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். தோளில் ஒரு துண்டு. இன்ஸ்பெக்டரைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்திருந்தான். கிடாவின் கொம்பில் இன்னும் பச்சைத் திரை தொங்கியது. அவன் கன்னியப்பன்.

"மொதலாளி, உங்களுக்கு என்னா நோவு?"

"காய்ச்சல்டா. ஆட்டுகிட்டேருந்து வந்தது."

"சாயங்காலமானா வருமா? ராவுல வேர்த்துக் கொட்டுமா? இடுப்பு வுட்டுப் போவுமா?"

சகாதேவன் கன்னியப்பனை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று தொங்கியது. தினமும் உப்பளத்தில் எதிரே நின்றவன்தான். இந்த மூன்று வாரமாக அவர் அவன் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்துவந்திருந்தார்.

"எனக்கும் அதே மாதிரிதான் இருக்குது மொதலாளி. வெயில்ல வேலை செய்யறதால இருக்கும்னு நெனைச்சுக்கினு இருந்தேன்."

செந்தமிழ் வாசலுக்கு வந்தாள். கன்னியப்பனைப் பார்த்தாள், பிறகு சகாதேவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சகாதேவனுக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. தெருவில் அத்தனை பேர் சிரித்தபோதுகூடத் தாங்கிக்கொண்டவர், இப்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"வீசின குட்டிய இவனும்தாம்மா எடுத்தான்" என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க கேட்டப்ப நான் சொல்லலை."

"நாளைக்குக் காலைல கூட்டிக்கினு வாங்க" என்றாள் செந்தமிழ். "எட்டு மணிக்கு."

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே சகாதேவன் முன்வாசலில் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சங்கத்தின் பேட்ஜ். பக்கத்து நாற்காலியில் கன்னியப்பன். எதிரே டீக்கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று சகாதேவன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சைத் தளர்த்திவிட்டுக் கன்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"டேய், என்னத் திட்டுடா."

"ஏன் மொதலாளி?"

"எனக்கு அப்பவே தெரியும். ஒனக்கும் வந்திருக்கலாம்னு தெரியும். வெளிய தெரிஞ்சா கேவலம்னு மறைச்சிட்டேன். திட்டு."

கன்னியப்பன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"ஒடம்பு தேறட்டும் மொதலாளி. இப்பத் திட்டினா மூச்சு வாங்குது."

ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கும் அதே நோய். அவனுக்கும் ஊசி, அவனுக்கும் ஆறு வாரம் மாத்திரை. கன்னியப்பன் படுத்திருந்த நாட்களில் சகாதேவன் அவன் பாத்தியில் தானே இறங்கி உப்பு வாரினார். ஆட்கள் தடுத்தும் கேட்கவில்லை. வாருகிற பலகையைப் பிடித்துப் பல வருஷமாகியிருந்ததால் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அதற்கும் முன்வாசலுக்குத்தான் வந்தார்.

அந்த வாரத்திலிருந்து காலை நேரம் மாறத் தொடங்கியது. முதலில் தட்சணாமூர்த்தி வந்தார், கடையைத் திறந்து போட்டுவிட்டு, தெருவைக் கடந்து, நெஞ்செரிச்சல் என்று. பிறகு பாப்பாத்தி முழங்கால் வலியோடு. பிறகு உப்பளத்துப் பெண்கள் பாதத்து வெடிப்போடு கும்பலாக. வந்தவர்கள் சும்மா வரவில்லை. "அப்படியே எங்க மாட்டுக்கு ஒண்ணு கேக்கணும்மா" என்று ஆரம்பித்தார்கள். சாயங்காலம் பின்வாசலுக்கு வந்தவர்களோ, ஆட்டைக் கட்டிவிட்டு, "அப்படியே எனக்கு ஒண்ணும்மா" என்றார்கள். எத்தனை பலகை எழுதி வைத்தாலும் ஜனங்கள் கேள்வியை இரண்டாகப் பிரிக்கத் தயாராக இல்லை. ஆரோக்கியசெல்வி இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டு கத்துவாள்:

"ஆட்டுக் கேள்வி நாலு மணிக்கு! மனுஷக் கேள்வி மட்டும் இப்ப!"

யாரும் கேட்பதில்லை.

கன்னியப்பன் தேறினான். மாத்திரை முடிந்த அன்று காலை உப்பளத்துக்கு வந்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால், பாத்திகளில் உப்பு வெள்ளைவெளேரென்று படிந்திருந்த நேரம். சகாதேவன் வரப்பில் நின்று ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் நேரே அவர் முன்னால் போய் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினான். அப்புறம் திட்டினான். சாதாரணத் திட்டு இல்லை. அவருடைய மீசையில் தொடங்கி, சங்கத் தலைமைப் பதவி வரை வந்து, மறுபடி மீசையில் போய் முடிந்த திட்டு. பக்கத்துப் பாத்தி ஆட்களெல்லாம் பலகையைப் போட்டுவிட்டு வந்து கேட்டார்கள். சகாதேவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திட்டி முடித்ததும் கன்னியப்பன் மூச்சு வாங்கினான்.

"முடிஞ்சுதா?" என்றார் சகாதேவன்.

"இப்போதைக்கு முடிஞ்சுது மொதலாளி."

"சத்தம் நல்லா வருது. ஒடம்பு தேறிட்டடா." அவர் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அன்று பகலில் செந்தமிழ் உப்பளத்துக்கு வந்திருந்தாள். அங்கிருந்த எல்லாருடைய ஆடுகளுக்கும் ரத்தம் எடுப்பது, ஆடு வைத்திருப்பவர்களுக்கும் ரத்தம் எடுப்பது என்று சங்கத்தில் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஏற்பாடு எல்லாம் சகாதேவன். வேலிக்காத்தான் நிழலில் இரண்டு மேசை போட்டிருந்தது. ஒன்றில் மனிதர்களுக்கு, இன்னொன்றில் ஆடுகளுக்கு. ஆரோக்கியசெல்வி மனித மேசையில் உட்கார்ந்திருந்தாலும் பார்வை முழுக்க ஆட்டு வரிசையில்தான் இருந்தது.

"மேடம், அந்தச் செவலைக் குட்டி நொண்டுது, பாருங்க. அதை முதல்ல கூப்பிடுங்க" என்றாள்.

"செல்வி, உன் மேசையப் பாரு. உனக்கு எதிர ஆளு உக்காந்திருக்காரு."

"அவருக்கு ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருக்காரு."

எதிரே உட்கார்ந்திருந்தவர் சட்டைக் கையை மடித்து நீட்டியபடி, தன்னை ஆட்டுக்கு அப்புறம் தள்ளிவிட்டார்களே என்று கோபப்படுவதா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு அவரும் கழுத்தை எக்கி அந்தச் செவலைக் குட்டியைப் பார்த்தார்.

"ஆமாங்க டாக்டரம்மா, நொண்டத்தான் நொண்டுது" என்றார். "அதையே மொதல்ல பாத்துடுங்க. நான் இருக்கேன்."